பதினொரு மாதம் நிற்கப்போகும் இரண்டு வண்டிகள்: டேங்க்கைக் காலி செய்வதா, நிரப்பி வைப்பதா?

திருநகர் வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வேலை நிமித்தமாக வரும் ஆகஸ்டு முதல் வாரத்தில் மஸ்கட் செல்கிறேன். அடுத்த ஆண்டு ஜூலைக்கு முன் ஊர் திரும்ப வழியில்லை. வீட்டில் இரண்டு வண்டிகள் நிற்கின்றன. ஒன்று, அப்பா 2004-இல் வாங்கிய ஸ்ப்ளெண்டர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்ப்புரேட்டர் உள்ள வண்டி. அவர் இருந்தவரை தினமும் துடைத்து வைத்த வண்டி என்பதால் அதை விற்க எங்களுக்கு மனமில்லை. மற்றொன்று, நான் 2022-இல் வாங்கிய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, கார்ப்புரேட்டருக்குப் பதிலாகப் பம்பும் இன்ஜெக்டரும் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் வண்டி. இரண்டும் வீட்டின் பக்கவாட்டில் உள்ள தகரக் கொட்டகையில் நிற்கும். மேலே நனையாது என்றாலும் ஐப்பசி, கார்த்திகையில் காற்றோடு மழை வந்தால் சாரல் நன்றாகவே அடிக்கும்.

சென்ற முறை நான்கு மாதம் வெளியூரில் இருந்துவிட்டு வந்தபோது ஸ்ப்ளெண்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. சோக்கை இழுத்தால் மட்டும் பிடிக்கும், விட்டால் அணைந்துவிடும். டேங்க் மூடியைத் திறந்தபோது பெட்ரோல் வாடையே இல்லை. பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்தது போல ஒரு வாடைதான் வந்தது. பட்டறையில் கார்ப்புரேட்டரை இரண்டு முறை கழற்றி மாட்டிய பிறகே வண்டி நிதானத்துக்கு வந்தது. இம்முறை அந்தப் பாடு வேண்டாம் என்று முன்கூட்டியே விசாரித்தேன். எங்கள் தெரு முனை மெக்கானிக், இரண்டு வண்டிகளிலும் பெட்ரோலைச் சொட்டு விடாமல் இறக்கிவிடச் சொல்கிறார். என்னோடு பணிபுரியும் நண்பர், இரண்டையும் கழுத்துவரை நிரப்பச் சொல்கிறார். இருவருமே இருபது ஆண்டுகளுக்கு மேல் வண்டி பழகியவர்கள்.

திருமங்கலத்தில் இருக்கும் அக்காள் வீட்டு மச்சான் ஞாயிறுதோறும் அம்மாவைப் பார்க்க வருவார். வரும்போதெல்லாம் இரண்டு வண்டிகளையும் ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் போவதாகச் சொல்கிறார். இது போதுமா? இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோலை இத்தனை மாதம் டேங்க்கில் வைத்திருக்கலாமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

ஒத்தக்கடை பட்டறைக்காரர் எழுதியது:

தம்பி, உங்களுக்கு யோசனை சொன்ன இருவரும் பாதி சரி, பாதி தவறு. மெக்கானிக் சொன்னது உங்கள் ஸ்ப்ளெண்டருக்குப் பொருந்தும். நண்பர் சொன்னது கிளாசிக்கிற்குப் பொருந்தும். மாற்றிச் செய்தால் இரண்டு வண்டிகளும் கெடும்.

முதலில் ஸ்ப்ளெண்டர். சென்ற முறை சோக்கில் மட்டும் பிடித்தது என்கிறீர்களே, அது பைலட் ஜெட் அடைத்ததன் அடையாளம். ஐட்லிங்கிற்கான பெட்ரோல் அந்த ஜெட் வழியாகத்தான் போகும். அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. கார்ப்புரேட்டரின் அடியில் உள்ள ஃப்ளோட் கப் என்ற சிறு கிண்ணத்தில் தேங்கி நிற்கும் பெட்ரோலில் லேசான பகுதி முதலில் ஆவியாகிப் போகும். மீதமுள்ளது காற்றோடு சேர்ந்து பிசினாக மாறி, துளையின் உட்சுவரில் தேன் நிறத்தில் படியும். ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால், நல்ல ஜெட்டில் ஊசிமுனை அளவுக்கு வட்டமாக ஒரு புள்ளி வெளிச்சம் தெரியும். அடைத்த ஜெட்டில் ஒன்றுமே தெரியாது, அல்லது பிறை போல் ஓரத்தில் மட்டும் தெரியும். அதைக் கிளட்ச் ஒயரின் ஒற்றை இழையால் குத்துவது நம் ஊரில் வழக்கம். பித்தளை மென்மையானது, குத்தினால் துளை பெரிதாகிவிடும். அதன் பிறகு அந்த வண்டி எப்போதும் கூடுதலாகப் பெட்ரோல் குடித்துக்கொண்டேதான் இருக்கும். கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்துத் திறக்காத ஜெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போடுவதே மேல்.

ஆகவே, கடைசி நாளில் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு வண்டியை ஓடவிடுங்கள், தானாக அணையட்டும். பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அணைந்த பிறகும் கப்பின் அடியில் கொஞ்சம் பெட்ரோல் நிற்கும். பைலட் ஜெட்டைக் கெடுப்பதே அந்த மிச்சம்தான். கார்ப்புரேட்டரின் அடியில் உள்ள ட்ரெயின் ஸ்க்ரூவை இரண்டு சுற்றுத் தளர்த்தி, அங்கிருந்து தொங்கும் சிறு டியூபின் முனையில் ஒரு கண்ணாடிப் பாட்டிலை வைத்து, அந்த மிச்சத்தையும் இறக்குங்கள். பாட்டிலைச் சற்று நேரம் ஆடாமல் வைத்துப் பாருங்கள். அடியில் முத்துப்போல் நீர்த்துளி உருண்டாலோ, செம்மண் போலத் துகள் படிந்தாலோ, அது டேங்க்கிலிருந்து வந்தது. அப்படியானால் டேங்க்கையும் கவனிக்க வேண்டும்.

ஸ்ப்ளெண்டர் டேங்க்கையும் காலி செய்வதே என் யோசனை. இருபது ஆண்டுகள் ஓடிய வண்டியில் டேப்பின் வாஷர் இறுகியிருக்கும், மூடினாலும் சொட்டும். கார்ப்புரேட்டரின் ஊசி வால்வும் தேய்ந்திருந்தால், சொட்டும் பெட்ரோல் கப்பை நிரப்பி வழிந்து வெளியே ஒழுகும். சில நேரம் இன்ஜினுக்குள் இறங்கி ஆயிலோடும் கலந்துவிடும். ஆள் கவனிக்காத வீட்டில் இது வேண்டாத ஆபத்து. ஆனால் காலி டேங்க்கைச் சும்மா விடக்கூடாது. டேங்க்கைக் கழற்றிக் கவிழ்த்து முழுவதும் வடியவிட்டு, நிழலில் ஒரு நாள் மூடி திறந்தபடி காயவைத்து, நூறு மில்லி இன்ஜின் ஆயிலை ஊற்றி எல்லாப் பக்கமும் நனையும்படி உருட்டி எடுத்து, மிஞ்சியதை வடித்துவிட்டு மூடியைப் போடுங்கள். தகடு துருப்பிடிக்காது.

கிளாசிக் இதற்கு நேர்மாறானது. அதன் பெட்ரோல் பம்ப் டேங்க்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கி இருக்கிறது. அதைக் குளிர்விப்பதும் வழுவழுப்பாக வைத்திருப்பதும் அந்தப் பெட்ரோல்தான். டேங்க்கை வற்ற வைத்து வண்டியை அணையும்வரை ஓட்டுவது பம்பைப் பட்டினி போட்டு ஓடவைப்பது போலாகும். அதற்குப் புதுப் பெட்ரோல் நிரப்பி, பெட்ரோல் சீக்கிரம் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் என்ற மருந்தைக் கலந்து வையுங்கள்.

சாரலில் நனைந்தவர் எழுதியது:

ஒத்தக்கடை அண்ணன் சொன்னதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். வேறொரு நிறுவனத்தின் இன்ஜெக்ஷன் வண்டியை, பட்டறையில் யாரோ சொன்னதைக் கேட்டு, காலி டேங்க்கோடு ஏழு மாதம் நிறுத்தினேன். திரும்பி வந்து பெட்ரோல் ஊற்றி இரண்டே நாளில் வண்டி மேட்டில் திணற ஆரம்பித்தது. பம்பை வெளியே எடுத்தபோது அதன் அடியில் உள்ள வலைப்பை போன்ற வடிகட்டி, காப்பித் தூள் போட்டு வடித்த துணி போல இருந்தது. காலியான இரும்புத் தகட்டில் பிடித்த துரு முழுவதும் அங்கே சேர்ந்துவிட்டது. வடிகட்டி மட்டும் தனியாகக் கிடைக்காது, பம்பை மொத்தமாகத்தான் மாற்ற வேண்டும் என்றார்கள்.

அடுத்த முறை நிரப்பி வைத்தேன். அதிலும் ஒரு தவறு செய்தேன். என் வண்டியின் டேங்க் மூடியைச் சுற்றிச் சிறு குழிவு உண்டு. அதில் விழும் மழைநீர் வெளியேற ஒரு துளையும் டியூபும் உண்டு. அந்தத் துளையில் புழுதியும் வேப்பம்பூவும் சேர்ந்து அடைத்திருந்ததை நான் பார்க்கவில்லை. மழையில் அந்தக் குழிவு நிறைந்து, மூடியின் பழைய ரப்பர் வழியாகத் தண்ணீர் டேங்க்குக்குள் இறங்கிவிட்டது. நிறுத்துவதற்கு முன் உங்கள் இரண்டு வண்டிகளின் மூடியையும் திறந்து ரப்பரைப் பாருங்கள். அப்படி ஒரு துளை இருந்தால், ஒரு கரண்டி தண்ணீரை ஊற்றி அது கீழே டியூப் வழியாக வந்து விழுகிறதா என்று சோதியுங்கள். இதற்கு அரை நிமிடம் போதும்.

நிரப்பும்போது உங்கள் நண்பர் சொல்வது போல் கழுத்துவரை நிரப்பாதீர்கள். பெட்ரோல் சூட்டில் விரியும். கிளாசிக்கின் டேங்க் 13 லிட்டர். காலையில் நிரப்பிய பெட்ரோல் தகரக் கொட்டகையின் பகல் வெக்கையில் 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய கால் லிட்டர் கூடும். உங்கள் கிளாசிக் போன்ற பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கக் கரி நிரப்பிய ஒரு குப்பி இருக்கிறது. விரிந்த பெட்ரோல் அதற்குள் போனால் குப்பி பாழாகும். மூடியின் உட்கழுத்துக் குழாய் தொடங்கும் இடத்துக்குக் கீழே நிறுத்திவிடுங்கள்.

உசிலம்பட்டி வேதியியல் ஆசிரியர் எழுதியது:

எத்தனாலைப் பற்றிக் கேட்டீர்கள். இந்தியாவில் பெட்ரோலில் சராசரியாகப் பத்து சதவீத எத்தனால் கலப்பு 2022 ஜூனில் எட்டப்பட்டது. இருபது சதவீதம் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் சில பங்க்குகளில் தொடங்கி நாடு முழுவதும் பரவியது. உங்கள் ஸ்ப்ளெண்டர் அதற்கு வெகு முன்பே தயாரானது. அதன் ரப்பர் பாகங்கள் இந்தக் கலவையை எதிர்பார்த்து அமைக்கப்பட்டவை அல்ல. டேங்க்கைக் காலி செய்ய இது இன்னொரு காரணம். பெட்ரோல் டியூப் விறைத்திருந்தாலோ, வளைத்தால் முனையில் வெடிப்புத் தெரிந்தாலோ, திரும்பி வந்ததும் முதல் வேலையாக அதை மாற்றிவிடுங்கள்.

எத்தனாலுக்குத் தண்ணீர் மீது தீராத விருப்பம். பத்து சதவீதக் கலவை சுமார் அரை சதவீதம்வரை தண்ணீரைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். அதாவது பத்து லிட்டருக்கு ஏறத்தாழ ஐம்பது மில்லி. இ20 அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். எல்லை கடந்தால் தண்ணீர் தனியாகப் பிரியாது. எத்தனாலையும் கையோடு இழுத்துக்கொண்டு அடியில் இறங்கிவிடும். டேப்பும் பம்பும் உறிஞ்சுவது அந்த அடிப்பகுதியைத்தான். காற்றின் ஈரம் மட்டுமே மூடிய டேங்க்கில் இந்த அளவுக்குத் தண்ணீர் சேர்க்க மிக நீண்ட காலம் ஆகும்; நம் மதுரைப் பக்கத்து வறண்ட காற்றில் இன்னும் தாமதமாகும். ஆகையால், எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிவிடும் என்ற அச்சத்தைவிட, முன்னவர் சொன்ன மூடி வழியே இறங்கும் மழைநீர்தான் உண்மையான எதிரி என்பது என் கருத்து.

உங்கள் பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்று பார்க்க விரும்பினால், அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 80 மில்லி பெட்ரோலும் 20 மில்லி தண்ணீரும் ஊற்றி, மூடிக் குலுக்கி, திறந்த வெளியில் பத்து நிமிடம் வையுங்கள். எத்தனால் தண்ணீர்ப் பக்கம் போய்விடும் என்பதால் கீழடுக்கு உயரும். இ20 என்றால் அது 35 மில்லிக்கு அருகில் நிற்கும். இதைச் செய்து காட்டினால் என் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் வியப்பார்கள். ஆனால் இப்படி எத்தனாலைக் கழுவி எடுத்த பெட்ரோலை வண்டிக்கு ஊற்றும் வேலையைச் சிலர் செய்கிறார்கள், அது கூடாது. ஆக்டேன் குறைந்துபோகும், தண்ணீரும் ஓரளவு மிஞ்சும்.

ஸ்டெபிலைசர் குறித்து ஒரு வரி. அது பெட்ரோல் காற்றோடு சேர்ந்து பிசினாவதைத் தாமதப்படுத்தும் மருந்து. கெட்டுப்போன பெட்ரோலைத் திருத்தாது, பிரிந்த தண்ணீரையும் சேர்க்காது. எனவே அன்றைக்கு நிரப்பிய புதுப் பெட்ரோலில்தான் அதைக் கலக்க வேண்டும். பாட்டிலில் அச்சிட்டுள்ள அளவுக்கு மேல் ஊற்றுவதால் கூடுதல் பயன் ஒன்றுமில்லை.

திருநகர் வாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. மூன்று சந்தேகங்கள் மிஞ்சியுள்ளன. ஸ்டெபிலைசர் இங்கே நான் கேட்ட இரண்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் இல்லை; ஒரு கடைக்காரர் அதற்குப் பதிலாகக் கொஞ்சம் 2டி ஆயிலை ஊற்றிவிடச் சொன்னார். செய்யலாமா? மச்சானின் ஐந்து நிமிட யோசனைக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஸ்ப்ளெண்டரிலிருந்து இறக்கும் பெட்ரோலை என்ன செய்வது?

ஒத்தக்கடை பட்டறைக்காரர் எழுதியது:

2டி ஆயில் வேண்டாம் தம்பி. அது டூ ஸ்ட்ரோக் இன்ஜினின் உயவுக்கானது. பெட்ரோல் பிசினாவதைத் தடுக்காது. இன்ஜெக்ஷன் வண்டியில் ஊற்றினால் பிளக்கிலும் சைலன்ஸருக்குள் இருக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரிலும் கரி ஏறுவதுதான் மிச்சம். ஸ்டெபிலைசரை இணையத்தில் வரவழைத்துக்கொள்ளுங்கள். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பங்க்குக்குப் போகும்போதே பாட்டிலைக் கொண்டுபோய், முதலில் மருந்தை ஊற்றி அதன்மேல் பெட்ரோலைப் போடச் சொல்லுங்கள், தானாகக் கலந்துகொள்ளும். அங்கிருந்து நேரே வீட்டுக்கு வராமல் ஒரு இருபது நிமிடம் ஓட்டுங்கள். லைனிலும் இன்ஜெக்டரிலும் நிற்கும் பழைய பெட்ரோல் எரிந்து தீர்ந்து, மருந்து கலந்த பெட்ரோல் அந்த இடத்தைப் பிடிக்க வேண்டும். டேங்க்கில் ஊற்றிவிட்டு வண்டியை அப்படியே நிறுத்துபவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

மச்சான் நல்ல மனதோடு சொல்கிறார். ஆனால் ஐந்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிடுவது ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட மோசமானது. இன்ஜின் முழுச் சூட்டை எட்டாது. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவி சைலன்ஸரிலும் ஆயிலிலும் தங்கும். பேட்டரியிலிருந்து எடுத்த கரண்ட் திரும்ப ஏறாது. அவருக்கு வண்டி ஓட்ட விருப்பமிருந்தால், மூன்று வாரத்துக்கு ஒரு முறை கிளாசிக்கைத் திருமங்கலம் வரை ஓட்டிப் போய்த் திரும்பக் கொண்டுவரட்டும். அப்படியே குறைந்த பெட்ரோலையும் நிரப்பி வைக்கட்டும். அதற்கு இன்ஷூரன்ஸ் நடப்பில் இருக்க வேண்டும். அவ்வளவு முடியாது என்றால் தொடவே வேண்டாம். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஸ்ப்ளெண்டரை எக்காரணம் கொண்டும் அவர் உதைக்கக் கூடாது. அதன் பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக நான்கு முறை அமுக்கி, பிளக்கைத் திரும்பப் போட்டுவிடுங்கள். இது பெட்ரோல் விஷயம் இல்லை என்றாலும் பிளக் பக்கத்திலேயே இருப்பதால் சொல்கிறேன்.

உசிலம்பட்டி வேதியியல் ஆசிரியர் எழுதியது:

இறக்கிய பெட்ரோல் புதிதாக இருந்தால், அன்றைக்கே மச்சானின் வண்டிக்கு ஊற்றிக் கொடுத்துவிடுங்கள். சேமித்து வைக்க வேண்டாம். 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டம் விற்பனைக்கு அல்லாத பெட்ரோலை 30 லிட்டர்வரை உரிமமின்றி வைத்திருக்க அனுமதிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அம்மா தனியாக இருக்கும் வீட்டில் சட்டம் அனுமதிப்பதும் அறிவு அனுமதிப்பதும் வெவ்வேறு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே எழும்பிப் போகாமல் தரையோடு தவழ்ந்து, வாசற்படிக்கு அடியில் உள்ள இடுக்கு வழியாக உள்ளே வரும். மைனஸ் 40 டிகிரியிலும் தீப்பற்றக்கூடிய ஆவி அது. ஆகவே இறக்கும் வேலையைப் பகலில், விளக்கேற்றும் நேரத்துக்கு வெகு முன்பே, கொட்டகைக்கு வெளியே, உலோகக் கேனில் செய்யுங்கள். தண்ணீர்ப் பாட்டிலில் பிடித்து வைக்காதீர்கள். யாராவது குடிநீர் என்று எடுத்துவிடுவார்கள்.

வாடிப்பட்டி பழைய வண்டிக்காரர் எழுதியது:

ஸ்ப்ளெண்டர் டேங்க்கைக் காலி செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. என்னிடம் இருக்கும் மூன்று பழைய வண்டிகளையும் ஆண்டுக்கணக்கில் நிரம்பிய டேங்க்கோடுதான் வைத்திருக்கிறேன். காற்று புக இடமில்லாத டேங்க்கில் துரு வராது. ஆயில் தடவுவது கேட்க எளிது. தையல் ஓரங்களிலும், டேங்க்கின் நடுவே உள்ள முதுகெலும்பு மேட்டின் இரு பக்கக் குழிகளிலும் ஆயில் சேராத இடம் ஒன்று இருந்தால் போதும், துரு அங்கேதான் தொடங்கும். டேப்பில் ஒழுக்கு இருந்தால் டேப்பை மாற்றுங்கள். ஒழுக்குக்குப் பயந்து டேங்க்கைக் காயப்போட வேண்டியதில்லை.

ஒத்தக்கடை பட்டறைக்காரர் எழுதியது:

ஐயா சொல்வதில் நியாயம் உண்டு. அவர் வண்டிகளின் அருகிலேயே இருக்கிறார், வாரம் ஒரு முறை கண்ணால் பார்க்கிறார். தம்பி கடல் தாண்டிப் போகிறார். அதனால்தான் நான் காலி செய்யச் சொன்னேன். எதற்கும் டேங்க்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தகடு வெள்ளையாக மின்னினால் ஐயா சொன்னபடியும் செய்யலாம், புது டேப் போட்டால் போதும். ஏற்கெனவே துரு தெரிந்தால், சுத்தம் செய்து ஆயில் தடவிக் காலியாக விடுவதே நல்லது. துருவோடு பெட்ரோலை நிரப்பி வைத்தால் அந்தத் துகள் முழுவதும் டேப்பின் வாய்க்கு வந்து சேரும். டார்ச் என்றால் செல்போனை டேங்க் வாயில் வைத்து எட்டிப் பார்ப்பது அல்ல. பெட்ரோலை இறக்கி, டேங்க் காய்ந்து, ஆவி போன பிறகு பார்க்க வேண்டும்.

திரும்பி வந்ததும், ஆயில் தடவிய டேங்க்கில் அரை லிட்டர் பெட்ரோல் விட்டு அலசி வெளியே கொட்டிவிட்டு, அதன் பிறகே புதுப் பெட்ரோல் நிரப்ப வேண்டும். கிளாசிக்கில் பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பியதும் பம்ப் ‘உம்ம்’ என்று இரண்டு வினாடி ஓடி நிற்கும். அந்தச் சத்தம் கேட்காவிட்டால் செல்ஃப் பட்டனை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள்.

திருநகர் வாசி எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை வேலையை முடித்தேன். ஸ்ப்ளெண்டரின் கார்ப்புரேட்டரிலிருந்து இறக்கிய பாட்டிலின் அடியில் பட்டறைக்காரர் அண்ணன் சொன்னது போலவே நீர்த்துளிகள் மூன்று உருண்டன. டேங்க்கைக் காயவைத்து மறுநாள் டார்ச் அடித்துப் பார்த்தபோது, தகடு பொதுவாக நன்றாகவே இருந்தது. ரிசர்வ் குழாயைச் சுற்றியும் ஒரு பக்கத் தையலிலும் மட்டும் விரல் அகலத்துக்குத் துரு. வாடிப்பட்டி ஐயா மன்னிக்க வேண்டும். சுத்தம் செய்து ஆயில் தடவிக் காலியாகவே விட்டுவிட்டேன். அவர் எச்சரித்த ஓரங்களுக்காக டேங்க்கை மூன்று முறை உருட்டினேன்.

கிளாசிக்கில் மருந்து கலந்து நிரப்பி, திருப்பரங்குன்றம் போய்ச் சுற்றி வந்து நிறுத்தியாகிவிட்டது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஓட்ட மச்சான் ஒப்புக்கொண்டார். அவர் பழக்கதோஷத்தில் ஸ்ப்ளெண்டரையும் உதைத்துவிடக் கூடாது என்று, அதன் டேங்க் மூடியின் மேல் அட்டை ஒன்று கட்டிவிட்டிருக்கிறேன்: ‘உள்ளே பெட்ரோல் இல்லை, ஆயில் தடவியிருக்கிறது. ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பெட்ரோலும் ஊற்ற வேண்டாம்.’ அம்மா அதைப் படித்துவிட்டு, நான் வரும்வரை அந்த வண்டிக்குப் போர்வை போர்த்தலாமா கூடாதா என்று கேட்கிறார். காற்றுப் போகும் பருத்திப் போர்வை என்றால் போர்த்தச் சொல்லியிருக்கிறேன்.